ஒன்றும் செய்யாத கம்பெனிக்கு இரண்டு கையெழுத்து

எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் ஜன்னலோரம் இருக்கும் கடைசி மேஜை என்னுடையது. ஆடிட்டர் அதை நிலுவைப் பிரிவு என்பார். மற்ற மேஜைக்காரர்கள் பிணவறை என்பார்கள். நின்றுபோன கம்பெனிகள், தொடங்கியவரே மறந்துபோன கம்பெனிகள், அண்ணன் தம்பி சண்டையில் அநாதையான கம்பெனிகள் எல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து சேரும். இருபத்திரண்டு வருடமாக நான் அவற்றுக்கு அபராதக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். வாடிக்கையாளர்கள் முகத்துக்கு நேரே மேடம் என்றும் முதுகுக்குப் பின்னால் அபராதம் மேடம் என்றும் கூப்பிடுவது எனக்குத் தெரியும். அதில் வருத்தம் இல்லை. அபராதம் போடுவது கம்பெனிப் பதிவாளர் அலுவலகம். நான் வெறும் கூட்டல்தான்.

இங்கே வருகிற எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் நாற்காலியில் உட்காருவார்கள். "கம்பெனி ஒண்ணுமே பண்ணலையே மேடம், அப்புறம் எதுக்கு அபராதம்?" நானும் ஒரே பதிலைத்தான் சொல்வேன். கம்பெனி வியாபாரம் பண்ணாவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் பண்ணவில்லை என்பதை வருடா வருடம் உரிய படிவத்தில் எழுதிக்கொடுக்க வேண்டும். கொடுக்காத ஒவ்வொரு நாளுக்கும் காசு. சும்மா இருப்பது சுகம் என்பார்கள். கம்பெனி வைத்திருப்பவர் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

லிஃப்ட்காரர் வந்தது ஒரு மாதத்தின் மூன்றாம் தேதி. எங்கள் அலுவலகம் நான்காவது மாடி. லிஃப்ட் இருக்கிறது. அவர் படியேறி வந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்ன முதல் வாக்கியம், "கீழ நின்னு கேட்டேன், அதோட சத்தம் சரியில்ல." இரண்டாவது வாக்கியம்தான் கம்பெனி ஒண்ணுமே பண்ணலையே என்பது.

ஐம்பத்தாறு வயது. பத்தொன்பது வயதில் லிஃப்ட் குழிக்குள் கிரீஸ் போட இறங்கியவர், முப்பத்தேழு வருடமாக ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கிறார். உள்ளங்கையைச் சுவரில் வைத்து, மேலே எந்த மாடியில் லிஃப்ட் இழுத்துக்கொண்டு போகிறது என்று சொல்லிவிடுவாராம். சொந்த வாழ்க்கையைச் சொல்லும்போதும் தேதி சொல்ல மாட்டார், கட்டடம் சொல்லுவார். "கல்யாணம் ஆனப்ப பன்னெண்டு மாடி துணி மில் ஆபீஸ்ல வேலை" என்பார். எனக்கு வேண்டியது தேதி. அரை மணி நேரம் அவருடைய கட்டடங்களைத் தேதிகளாக மாற்றுவதிலேயே போய்விட்டது.

விஷயம் இதுதான். அவர் வேலை பார்ப்பது ஒரு சின்ன லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தில். மொத்தம் பதினோரு பேர். முதலாளிக்கு வயதாகிவிட்டது, மகன் வீட்டோடு போய் இருக்கப்போகிறார். போகும்முன் நிறுவனத்தில் கால் பங்கை லிஃப்ட்காரருக்கு விற்று, அவரை டைரக்டராக்கி, சாவியைக் கையில் கொடுத்துவிடலாம் என்று நினைத்தார். மாதக் கடைசிக்குள் கைமாற வேண்டும். இல்லையென்றால் பெரிய கம்பெனி ஒன்று விலைக்குக் கேட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறது, அவர்களுக்குப் போய்விடும். ஐம்பத்தைந்துக்கு மேற்பட்டவர்களை அந்தப் பெரிய கம்பெனி வைத்துக்கொள்வதில்லை. லிஃப்ட்காரர் பங்குக்கான பணத்தை வருடக் கணக்கில் சேர்த்து வைத்திருந்தார். எல்லாம் கூடிவந்த நேரத்தில் பதிவாளர் அலுவலகம் அவர் பெயரைத் திருப்பி அனுப்பிவிட்டது. ஏற்கெனவே டைரக்டராக இருக்கும் கம்பெனி ஆறு வருடமாகக் கணக்குத் தாக்கல் செய்யவில்லை. அதைத் தீர்க்காமல் இன்னொரு கம்பெனியில் டைரக்டராக முடியாது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

"அந்தக் கம்பெனிய நான் மூடிட்டேனே மேடம்" என்றார்.

"எப்படி மூடினீங்க?"

"மெயின் ஸ்விட்ச்ச அணைச்சேன். ஷட்டர இறக்கினேன். போர்ட கழட்டினேன். சாவிய வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டேன்."

அவர் மனதில் கம்பெனியும் ஒரு யந்திரம்தான். மின்சாரத்தை நிறுத்தினால் நின்றுவிடும். இந்த இடத்தில் சட்டப் பிரிவைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்று எனக்குப் பழக்கத்தில் தெரியும். "ஓடாம நிக்கிற லிஃப்டுக்கு வருஷாந்திர சோதனை உண்டா, இல்லையா?" என்று கேட்டேன்.

"உண்டு" என்றார்.

"ஓடலையே, அப்புறம் எதுக்கு?"

"ஓடலன்னாலும் கயித்துல தொங்கிட்டுதானே மேடம் இருக்கு."

"அதேதான்" என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டவர் இவர் ஒருவர்தான்.

பதிவாளர் அலுவலகம் கடிதம் எதுவும் அனுப்பவில்லையா என்று கேட்டார். அனுப்பியிருக்கிறது, பதினேழு. எல்லாம் பழைய கடை முகவரிக்கு. அந்தக் கடையில் இப்போது ஒரு ஜெராக்ஸ்காரர் இருக்கிறார். பிறகு நான் போய்க் கேட்டபோது, வரும் கடிதங்களை எல்லாம் வீணாக்கவில்லை என்று பெருமையாகச் சொன்னார். பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் மெஷினை ரிப்பேர் பார்த்தபிறகு சோதனை ஓட்டத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார்.

நான் கூட்டிப் பார்த்தேன். வருடத்துக்கு இரண்டு படிவம், ஆறு வருடம், நாளுக்கு இவ்வளவு. தொகையை இங்கே எழுதப்போவதில்லை. லிஃப்ட்காரர் பங்குக்காகச் சேர்த்து வைத்திருந்த பணத்தில் பத்தில் ஒன்பது பங்கு வந்தது என்பது போதும். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "இன்னொரு தடவ கூட்டிப் பாருங்க" என்றார். கூட்டினேன். கால்குலேட்டருக்கு இரக்கம் கிடையாது.

ஆனால் ஒரு வழி இருந்தது. அந்த வருடம் பதிவாளர் அலுவலகம் ஒரு சலுகை அறிவித்திருந்தது. உண்மையிலேயே எந்த நடவடிக்கையும் இல்லாமல் உறங்கிக்கிடந்த சின்னக் கம்பெனிகளுக்கு அபராதம் முழுவதும் தள்ளுபடி. கம்பெனியும் ஒழுங்காக மூடப்பட்டுவிடும். நிபந்தனை இரண்டு. நின்ற நாளிலிருந்து வங்கிக் கணக்கில் யாரும் பணம் போட்டிருக்கவோ எடுத்திருக்கவோ கூடாது. விண்ணப்பத்தில் எல்லா டைரக்டர்களும் கையெழுத்துப் போட வேண்டும். கடைசி நாள் அதே மாதம் முப்பது. இதை நான் சொன்னதும் லிஃப்ட்காரர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். மலரவில்லை.

"இன்னொரு டைரக்டர் யாரு?"

"என் மச்சான். என் சம்சாரத்தோட அண்ணன்."

"வரச் சொல்லுங்க."

"அவர்கிட்ட பேச்சு வார்த்தை இல்ல மேடம்."

"எத்தனை நாளா?"

"ஆஸ்பத்திரிலேருந்து" என்றார். எந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் வேலை என்று கேட்க வாயெடுத்தேன். நல்லவேளை, கேட்கவில்லை.

மெல்ல மெல்லத்தான் சொன்னார். பதினோரு வருடத்துக்கு முன் மூன்று பேருமாகச் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. இவர் லிஃப்ட் பார்ப்பார். மச்சான் எழுத்து வேலை பார்ப்பார். மனைவி ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கட்டடத்தில் எது நின்றது என்று நோட்டில் எழுதுவார். "அவ பேரு எந்தப் பேப்பர்லயும் இல்ல. ஆனா அவ சொன்னதுதான் நடக்கும்" என்றார். குழந்தை இல்லை. ஐந்து வருடம் நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள் மத்தியானம் மனைவிக்கு நெஞ்சு வலி. இவர் ஒரு பதினெட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இருந்தார். ஃபோன் மேலே பையில் இருந்தது. மச்சான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். இருபத்தாறு தடவை ஃபோன் அடித்திருக்கிறார். இவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வராந்தாவில் மச்சான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "உங்களுக்கு அவள விட லிஃப்ட்தான் பெருசு." இவர் பதில் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் போய் மெயின் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டார்.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். எனக்கு இந்த மாதிரி நேரத்தில் என்ன சொல்வதென்று வராது. "முப்பதாம் தேதி கடைசி நாள்" என்றேன்.

மைத்துனரை நானே ஃபோனில் பிடித்தேன். ஒரு பெயின்ட் கடையில் பில் எழுதுகிறார். கம்பெனி விஷயம் என்றதும், "மாப்ள அங்கதான் இருக்காரா?" என்றார். வருவார் என்றேன். "சனிக்கிழமை மத்தியானம் லீவு சொல்லிட்டு வர்றேன்" என்றார். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாதிரி ஒரு நாளை நான் பார்த்ததில்லை. என் மேஜைக்கு எதிரில் மூன்று பேர் உட்காரும் பெஞ்சு ஒன்று இருக்கிறது. ஒரு முனையில் லிஃப்ட்காரர், மறு முனையில் மைத்துனர், நடுவில் ஆடிட்டருடைய குடை. மைத்துனர் ஒல்லி, சட்டைப்பையில் மூடியுள்ள பேனா இரண்டு. கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தார். இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவர மொதல்ல போடச் சொல்லுங்க மேடம்" என்றார் லிஃப்ட்காரர்.

"அவரு எங்க போடறாரோ அதுக்குக் கீழ நான் போட்டுக்கறேன்னு சொல்லுங்க" என்றார் மைத்துனர்.

இருவருக்கும் நடுவில் மூன்றடி. நான் இந்தப் பக்கத்துச் செய்தியை அந்தப் பக்கம் சொன்னேன், அந்தப் பக்கத்துச் செய்தியை இந்தப் பக்கம் சொன்னேன். பதினான்கு இடத்தில் கையெழுத்து. ஏழாவது கையெழுத்தில் லிஃப்ட்காரரின் பேனா எழுதவில்லை. மைத்துனர் தன் இரண்டாவது பேனாவை எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் அதை லிஃப்ட்காரரிடம் கொடுத்தேன். அவர் எழுதிவிட்டு என்னிடம் கொடுத்தார். நான் மைத்துனரிடம் கொடுத்தேன். இதற்கு நான் தனிக் கட்டணம் போட்டிருக்க வேண்டும்.

"கணக்குல பணம் எதுவும் போடல எடுக்கலன்னு ரெண்டு பேரும் உறுதி சொல்றீங்க, அப்படித்தானே?" என்று கேட்டேன். லிஃப்ட்காரர் தலையாட்டினார். மைத்துனர் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். எனக்குப் பசி நேரம், விட்டுவிட்டேன்.

வங்கியிலிருந்து கணக்கு விவரம் வர ஒன்பது நாள் ஆயிற்று. இருபத்தைந்தாம் தேதி உறையைப் பிரித்தேன். பிரித்த பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஆறு வருடமாக, ஒவ்வொரு வருடமும் ஒரே தேதியில், ரொக்கமாக இருநூறு கட்டப்பட்டிருந்தது. அது கம்பெனி பதிவான தேதி. கட்டியவர் என்ற இடத்தில் மைத்துனரின் கையெழுத்து. ஒவ்வொரு இருநூறிலிருந்தும் வங்கி நூற்றுத் தொண்ணூறைப் பராமரிப்புக் கட்டணமாக எடுத்துக்கொண்டிருந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஆறு வருடத்துக்குப் பிறகு மிச்சம் அறுபது.

வங்கி எடுத்த கட்டணத்தைச் சட்டம் மன்னிக்கும். உள்ளே போட்ட பணத்தை மன்னிக்காது. அந்த இருநூறுகளால் கம்பெனி உறங்கவில்லை, விழித்துக்கொண்டுதான் இருந்தது என்றாகிவிட்டது. சலுகை கிடையாது. பத்தில் ஒன்பது பங்கு பணமும் போகும். எனக்கு மூக்கு மேல் கோபம். இந்தத் தப்பை நான் இதுவரை பார்த்ததில்லை. நின்ற கம்பெனியிலிருந்து பணத்தை எடுக்கிறவர்கள் ஊர்ப்பட்ட பேர். போடுகிறவரை அன்றுதான் பார்த்தேன்.

விவரத்தைத் தூக்கிக்கொண்டு பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன். சலுகை மனுக்களைப் பார்க்கும் அதிகாரி நல்ல மனிதர், வயிற்றுப்புண்காரர், எதற்கும் முகம் சுளித்தபடியே உதவி செய்வார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போட்டவர் தவறுதலாப் போட்டுட்டேன்னு ஒரு கடிதம் குடுத்தா எடுத்துக்கலாம். பிழைன்னு குறிச்சுத் தள்ளிடலாம்" என்றார். "ஆறு தடவையுமா சார்?" என்றேன். "ஒரே தப்ப ஆறு தடவ பண்றவங்களும் இருக்காங்க" என்றார்.

திரும்பி வந்து நானே கடிதத்தைத் தட்டச்சு செய்தேன். மூன்றே வரி. மேற்படி தொகைகளை நான் தவறுதலாகச் செலுத்திவிட்டேன். அதற்கு எந்த நோக்கமும் இல்லை. பிழையைப் பொறுத்தருள வேண்டும். இரண்டு பேரையும் மறுநாள் வரச் சொன்னேன். அதே பெஞ்சு, அதே குடை.

லிஃப்ட்காரரிடம் வங்கி விவரத்தை முதலில் காட்டினேன். அவர் விரலை வைத்து ஒவ்வொரு தேதியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆறாவது தேதிக்கு வந்தபோது விரல் அங்கேயே நின்றுவிட்டது.

மைத்துனரிடம் கடிதத்தை நீட்டினேன். படித்தார். எழுத்து வேலை பார்த்தவர் அல்லவா, இரண்டு தடவை படித்தார். பேனாவைத் திறந்தார். பிறகு மூடிவிட்டார்.

"தப்பா கட்டல மேடம். தெரிஞ்சுதான் கட்டினேன்."

"தெரியும் சார். இது ஒரு சம்பிரதாயம். போடுங்க."

"எந்த நோக்கமும் இல்லன்னு எழுதியிருக்கீங்க."

"வேற என்ன நோக்கம் இருந்துச்சு? ஒரு வேலையும் நடக்காத கணக்குல யாராவது பணத்தக் கொண்டுபோய்க் கொட்டுவாங்களா?" என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேஜையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

அவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். "ஒரு வருஷம் நடமாட்டம் இல்லன்னா கணக்க முடக்கிடுவோம்னு பேங்க்ல சொன்னாங்க. முடக்கட்டும்னு விட்டிருக்கலாம். மனசு வரல. என் தங்கச்சி போயிட்டா. ஒரு புள்ளகுட்டி இருந்தாலாவது, அதப் பாக்கற சாக்குல மாப்ள வீட்டுப் படி ஏறலாம். அதுவும் இல்ல. எனக்கும் அவருக்கும் நடுவுல மிச்சம் இருந்தது இந்தக் கம்பெனி ஒண்ணுதான். அதுலதான் ரெண்டு பேர் பேரும் ஒண்ணா இருக்கு. அதையும் சாக விட்டுட்டா அப்புறம் நான் யாரோ, அவரு யாரோ."

"அப்படின்னா வருஷா வருஷம் தாக்கலும் பண்ணியிருக்கலாமே! இந்த அபராதமே வந்திருக்காதே!"

"தாக்கல் பண்ண ரெண்டு கையெழுத்து வேணும் மேடம். பணம் கட்ட ஒண்ணு போதும்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அப்படி வந்தால் எனக்கு ஆத்திரம்தான் வெளியே வரும். "நல்லா இருக்கு சார் உங்க நியாயம்" என்று கத்தினேன். "நீங்க இதுல கையெழுத்துப் போடலன்னா அவரு பங்கு வாங்கச் சேத்து வச்ச பணம் பூரா அபராதத்துக்குப் போயிடும். முப்பதாந்தேதி அந்த நிறுவனம் வேற கைக்குப் போயிடும். ஐம்பத்தாறு வயசுல மனுஷன் நடுத்தெருவுல நிப்பாரு. அது தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. செய்தி கொண்டுபோகும் ஆள் நான்தானே. இந்தச் செய்தியை மட்டும் நான் கொண்டுபோகவில்லை. மைத்துனர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தலையைத் திருப்பி லிஃப்ட்காரரைப் பார்த்தார். பார்த்துவிட்டு அவசரமாகப் பேனாவைத் திறந்தார். "குடுங்க மேடம். தப்புன்னே போட்டுக்கறேன். என்ன இப்ப" என்று தாளை இழுத்து வைத்துக்கொண்டார். முதல் எழுத்தையும் போட்டுவிட்டார்.

லிஃப்ட்காரர் எழுந்து வந்து, பேனாவுக்கு அடியிலிருந்து தாளை உருவினார். தாளின் குறுக்கே மையில் நீளமாக ஒரு கோடு விழுந்தது.

"வேணாம் மச்சான்" என்றார்.

ஆறு வருடத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை.

"மாப்ள, வெளையாடாதீங்க. உங்க பொழப்பு."

"தெரிஞ்சு பண்ணினத தப்புன்னு எழுதி வாங்கித்தான் நான் டைரக்டர் ஆகணுமா? நான் கட்டிக்கறேன்."

"அப்ப பாதி நான் தர்றேன். சம்பளத்துல மாசா மாசம்..."

"நீங்க ஆறு வருஷமாக் கட்டிட்டீங்க மச்சான். இது என் முறை."

மைத்துனருக்குக் கண் கலங்கிவிட்டது. கழுத்துப் பட்டனைத் திறந்தார், மூடினார். "அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் ஒரு வார்த்தை சொன்னேன்" என்று தொடங்கினார்.

"அதுக்கும் லெட்டர் வேணாம்" என்றார் லிஃப்ட்காரர்.

பெஞ்சுக்குத் திரும்பியவர் குடையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்தார். ஆடிட்டர் அவருடைய அறைக் கதவைத் திறந்து, என்ன சத்தம் என்று கேட்டார். அபராதம் முழுசாகக் கட்டுகிறார்கள் சார் என்றேன். அவருக்கு அது சந்தோஷமான செய்தியா இல்லையா என்று தெரியாமல் கதவை மூடிக்கொண்டார்.

இருபத்தெட்டாம் தேதி பணம் கட்டினோம். ரசீது நான்கு பக்கம் வந்தது. லிஃப்ட்காரர் அதை மடிக்காமல் ஒரு உறையில் போட்டுக்கொண்டார். இப்போது அவர் எந்தக் கம்பெனியிலும் டைரக்டராக ஆகலாம், தடையே இல்லை. ஆவதற்குத்தான் காசு இல்லை. முப்பதாம் தேதி வரை பொறுத்துப் பார்த்த முதலாளி பெரிய கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவரையும் குறை சொல்ல முடியாது, அழுதுகொண்டேதான் போட்டாராம். அடுத்த மாதமே லிஃப்ட்காரருக்கு ஒரு மாதச் சம்பளமும் ஒரு பாராட்டுக் கடிதமும் வந்தன. பாராட்டுக் கடிதத்தில் அவர் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. இப்போது தெரிந்த கட்டடங்களில் கூப்பிட்டால் போய்ப் பார்க்கிறார். வாரத்தில் நான்கு நாள் வேலை இருக்கும், மூன்று நாள் இருக்காது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று நான் ஒரு தடவை சொன்னபோது, "கைக்கும் எட்டலையே மேடம்" என்றார். குரலில் கசப்பு இருந்தது. இல்லை என்று நான் எழுத மாட்டேன். முப்பத்தேழு வருட உழைப்பு அது.

இன்னும் ஒரு படிவம் பாக்கி இருந்தது. அபராதம் தீர்ந்த கம்பெனியை என்ன செய்வது என்று கேட்கும் படிவம். மூடுவதற்கு ஒரு கட்டம், தொடர்வதற்கு ஒரு கட்டம். இருவரையும் வரச் சொன்னேன். சேர்ந்தே வந்தார்கள், படியேறி. என் பேனா முனை மூடுவதற்கான கட்டத்தின் மேலேயே இருந்தது. வியாபாரம் இல்லை, முதலும் இல்லை. யாராக இருந்தாலும் மூடத்தான் செய்வார்கள்.

"மூடிடலாம்ல?" என்றேன்.

லிஃப்ட்காரர் யோசித்தார். "மூடாம வச்சா என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். ஒண்ணும் பண்ணலன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"யாரு போடணும்?"

"ரெண்டு பேரும்."

"சேந்து வந்தா?"

"ஆமா. என் முன்னாடி."

அவர் மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் என்னைப் பார்த்தார். "வருஷத்துக்கு ஒரு தடவதானா மேடம்?" என்று கேட்டார்.

சட்டப்படி ஒரு தடவைதான். எனக்கு அந்தப் பிரிவு தூக்கத்திலும் தெரியும். இருபத்திரண்டு வருடமாக அந்த மேஜையில் உட்கார்ந்து நான் ஒருவருக்கும் ஒரு நாள் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. "இல்ல சார். மூணு மாசத்துக்கு ஒரு தடவை" என்றேன்.

தொடர்வதற்கான கட்டத்தில் குறி போட்டேன். அவர்களும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, தேதி தவறாமல் வருகிறார்கள். கையெழுத்துப் போட ஒன்றும் இருப்பதில்லை. ஒரு வெள்ளைத்தாளில் தேதியை எழுதி, நான்தான் நீட்டுகிறேன்.